பெட்டியில் பத்தாயிரம், போனில் ஆறாயிரம்: பவர் பேங்க் கேள்வி-பதில்

பள்ளி விடுமுறை நெருங்கினால் எனக்கு வரும் கடிதங்களும் மாறிவிடும். ஸ்கிரீன் உடைந்தது, ஸ்பீக்கர் கேட்கவில்லை என்பதெல்லாம் குறைந்து, ஊருக்குப் போகிறோம், பவர் பேங்க் எது வாங்கலாம் என்ற கேள்விகள் வர ஆரம்பிக்கும். திருச்சியில் போன் சர்வீஸ் கடை நடத்துகிற எனக்கு இது தினமும் மேசைக்கு வருகிற பொருள். அதனால் இந்த இதழ் முழுக்கப் பவர் பேங்குக்கே கொடுத்துவிட்டேன். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

தேவகோட்டையிலிருந்து ஓர் ஆசிரியை: என் போன் பேட்டரி 5000 எம்.ஏ.ஹெச். வாங்கிய பவர் பேங்க் 10000. இரண்டு முறை முழுசாக ஏற வேண்டும் அல்லவா? ஒன்றரை முறைக்கு மேல் ஏறுவதில்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

இல்லை அம்மா. ஒன்றரை முறை ஏறுகிறது என்றால் நல்ல பொருளைத்தான் கொடுத்திருக்கிறார்.

பெட்டியில் போட்டிருக்கும் 10000 எம்.ஏ.ஹெச். (மில்லி ஆம்பியர்-அவர்) என்பது உள்ளே இருக்கும் பேட்டரி செல்லின் கணக்கு. அந்த லித்தியம் செல் தருவது 3.7 வோல்ட். கேபிள் வழியாகப் போனுக்குப் போக வேண்டியது 5 வோல்ட். வோல்ட்டை ஏற்றினால் ஆம்பியர் குறையும். 10000-ஐ 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 37 வருகிறதே, அதுதான் வாட்-அவர். உள்ளே இருக்கும் உண்மையான சரக்கு அவ்வளவுதான். அதே 37-ஐ 5 வோல்ட்டில் கொடுத்தால் 7400 எம்.ஏ.ஹெச். ஆகிவிடுகிறது. வோல்ட்டை மாற்றும் வேலையில் கொஞ்சம் சூடாகவும் போய்விடும். சார்ஜ் போடும்போது பவர் பேங்க் வெதுவெதுப்பாக இருப்பது அதனால்தான். கடைசியில் வெளியே வருவது ஆறாயிரத்துச் சொச்சம்.

பவர் பேங்கைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் ‘ரேட்டட் கெப்பாசிட்டி’ என்று ஒரு வரி இருக்கும். பக்கத்தில் ஆறாயிரத்தை ஒட்டி ஒரு எண் போட்டிருப்பார்கள். நேர்மையான கம்பெனி அதை மறைக்காமல் அச்சடிக்கிறது. நாம்தான் படிப்பதில்லை.

போன் பக்கமும் பார்த்துவிடுவோம். உங்கள் 5000 பேட்டரி ஏறக்குறைய 19 வாட்-அவர். பவர் பேங்கின் 37-இல் 31 போல வெளியே வருகிறது, போனுக்குள் ஏறும்போது இன்னும் கொஞ்சம் சூடாகக் கழிகிறது. ஒன்றரை முறை சரியாக வந்துவிட்டதா? சார்ஜ் ஏறும்போதே வீடியோ பார்த்தால் அதுவும் வராது.

இனிமேல் எந்தப் பவர் பேங்க் வாங்கினாலும் எம்.ஏ.ஹெச்.சை விட்டுவிட்டு வாட்-அவரைப் பாருங்கள். விமான நிலையத்திலும் அதைத்தான் பார்ப்பார்கள்.

மணப்பாறையிலிருந்து ஒரு வாசகர்: குடும்பத்தோடு காசிக்குப் போகிறோம். நாலு பேர், நாலு போன், ஸ்லீப்பர் கோச், ரயிலில் இரண்டு இரவு. 20000 ஒன்று போதுமா?

போதும், ஆனால் 20000 ஒன்றுக்குப் பதில் 10000-இல் இரண்டாக வாங்கச் சொல்வேன். ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், இன்னொன்றை வீட்டம்மா பையில் போடுங்கள். காசியில் கூட்டத்தில் பிரிய நேர்ந்தால் இரண்டு பக்கமும் போன் உயிரோடு இருக்கும். ஒன்று தொலைந்தாலும் ஒன்று கையில் இருக்கும். இன்னொரு காரணம், 20000 நிறைவதற்கு எடுக்கும் நேரம். அது 74 வாட்-அவர். பழைய 10 வாட் சார்ஜரில் போட்டால் ஒரு ராத்திரி முழுக்க வேண்டும். 18 வாட் சார்ஜரிலேயே ஐந்து மணி நேரம் பிடிக்கும். ஸ்லீப்பர் கோச்சில் அவ்வளவு நேரம் பிளக் பாயிண்டை யார் உங்களுக்கு விட்டுக்கொடுப்பார்கள்?

தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இன்னொன்று உண்டு. இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணி வரை கோச்சில் இருக்கும் சார்ஜிங் பாயிண்டுகளில் மின்சாரத்தை நிறுத்திவைக்கச் சொல்லி ரயில்வே உத்தரவு இருக்கிறது. எல்லாரும் தூங்கும்போது சார்ஜர் சூடாகித் தீப்பிடிக்கக் கூடாது என்பதற்காக. நல்ல ஏற்பாடுதான். ஆனால் தெரியாதவர்கள் படுக்கும்போது போனைச் செருகிவிட்டு, காலையில் செத்த போனை எடுக்கிறார்கள். அதனால் சாயங்காலமே பவர் பேங்கை நிரப்பிவிடுங்கள். ராத்திரி அதிலிருந்து போனுக்குப் போடுவதாக இருந்தால் தலையணைக்கு அடியிலோ போர்வைக்குள்ளேயோ வேண்டாம். காற்றுப்பட வையுங்கள். கண் அசரும் முன் கழற்றிவிடுங்கள்.

அப்புறம், வடக்கே போகிற வழியில் டவர் கிடைக்காத இடங்கள் நிறைய. சிக்னல் தேடித் தேடியே பேட்டரி இறங்கும். தூங்கும்போது ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டால் காலையில் வித்தியாசம் தெரியும்.

கூட வரும் பெரியவர்கள் சட்டைப் பையில் உங்கள் போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். எத்தனை பவர் பேங்க் இருந்தாலும் இதைச் செய்யுங்கள். பெரியவர்களின் போனை என்னிடம் கொண்டுவருபவர்களில் நிறையப் பேருக்குப் பிள்ளைகள் நம்பர் மனப்பாடமாகத் தெரியாது.

கடலூரிலிருந்து ஒரு வாசகர்: திருவிழாக் கடையில் 50000 எம்.ஏ.ஹெச். பவர் பேங்க் 400 ரூபாய்க்கு வாங்கினேன். ஒரு முறை சார்ஜ் போட்டாலே தீர்ந்துவிடுகிறது. ரிப்பேர் செய்ய முடியுமா?

ரிப்பேர் செய்ய அதில் ஒன்றும் இல்லை ஐயா. இதே மாதிரி ஒன்றை ஒரு கல்லூரிப் பையன் என்னிடம் கொண்டுவந்தான். பிளாஸ்டிக் மூடியைக் கத்தி முனையால் நெம்பித் திறந்தேன். நீளவாக்கில் ஆறு செல் வைக்க இடம். இரண்டு குழியில்தான் செல் இருந்தது. மேலே சுற்றியிருந்த நீலத்தாளைப் பார்த்தாலே ஏதோ பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து உருவியது என்று தெரிந்தது, ஓரத்தில் துருவும் பிடித்திருந்தது. மற்ற நாலு குழியிலும் கனத்துக்காக மணலை நிரப்பி, மேலே பசை ஊற்றி இறுக்கியிருந்தார்கள். சர்க்யூட் போர்டு என் கட்டைவிரல் அகலம்கூட இல்லை. செல் அளவுக்கு மேல் ஏறினால் நிறுத்துவதற்கு அதில் எந்தப் பாதுகாப்பும் இல்லை. எனக்கு அந்த மணலைவிட இதுதான் பயமாக இருந்தது. பையனுடைய தங்கை தினமும் அதைப் படுக்கையில் வைத்துச் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தாளாம்.

உங்களுடையதைத் திறக்காமலேயே கண்டுபிடிக்கலாம். வீட்டுத் தராசில் வையுங்கள். டார்ச் பேட்டரி மாதிரி உருளையாக இருக்கும் லித்தியம் செல் ஒன்று 45 கிராமுக்கு மேல் இருக்கும். நல்ல செல்லாக இருந்தால் 2500 முதல் 3500 எம்.ஏ.ஹெச். வரை பிடிக்கும். 3000 என்றே வைத்துக்கொண்டாலும் 50000-க்குப் பதினேழு செல் வேண்டும். செல்லின் எடை மட்டுமே முக்கால் கிலோவைத் தாண்டிவிடும். உங்களுடையது கால் கிலோகூட இருக்காது என்று நினைக்கிறேன்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தியாவில் விற்கும் பவர் பேங்குக்கு பி.ஐ.எஸ்., அதாவது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம். பின்பக்கம் அந்த முத்திரையும், ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். ‘பி.ஐ.எஸ். கேர்’ என்ற அரசாங்க ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனிக்குக் கொடுத்தது என்று காட்டும். பெட்டியில் ஒரு பெயரும் ஆப்பில் வேறு பெயரும் வந்தால் வாங்காதீர்கள். கடைவாசலிலேயே நின்று பார்த்துவிடலாம், ஒரு நிமிஷ வேலை.

அந்த 400 ரூபாய் போனது போகட்டும். அதை இனிச் சார்ஜில் போடாதீர்கள், வேறு யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம்.

காயல்பட்டினத்திலிருந்து ஒரு வாசகி: வாப்பாவும் உம்மாவும் உம்ராவுக்குப் போகிறார்கள், துபாய் வழியாக. பவர் பேங்க் கொண்டுபோக விடுவார்களா? எந்தப் பையில் வைப்பது?

விடுவார்கள். கையில் எடுத்துப்போகும் பையில்தான் வைக்க வேண்டும். செக்-இன்னில் போடும் பெட்டிக்குள் வைக்கவே கூடாது. எந்த ஏர்லைன்ஸாக இருந்தாலும் இதுதான் விதி. பெட்டிக்குள் வைத்து அனுப்பினால் ஸ்கேனிங்கில் பிடித்து, உங்களைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்வார்கள், அல்லது பெட்டியே ஏறாமல் நின்றுவிடும். வயசானவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

100 வாட்-அவர் வரைக்கும் தனி அனுமதி தேவையில்லை. 100-லிருந்து 160 வரை ஏர்லைன்ஸிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். அதற்கு மேலே பயணிகள் கொண்டுபோக முடியாது. 10000 என்றால் 37, 20000 என்றால் 74 என்று முதல் இரண்டு பதில்களிலேயே கணக்குப் பார்த்தோம். இரண்டுமே பிரச்சினை இல்லை. துபாய் வழி என்றால் பெரும்பாலும் எமிரேட்ஸாக இருக்கும். அவர்கள் 2025 அக்டோபர் 1 முதல் ஒருவருக்கு ஒரு பவர் பேங்க்தான் என்று வைத்துவிட்டார்கள். விமானத்துக்குள் அதை வைத்துப் போனைச் சார்ஜ் செய்யவும் கூடாது, பவர் பேங்கைச் சீட்டுப் பிளக்கில் போடவும் கூடாது. மேலே இருக்கும் லக்கேஜ் அறையில் வைக்காமல், முன்சீட்டின் பையிலோ சீட்டுக்கு அடியில் இருக்கும் கைப்பையிலோ வைக்க வேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் அதே வருஷம் ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் பவர் பேங்கைப் பயன்படுத்தத் தடை போட்டுவிட்டது.

இவ்வளவு கண்டிப்பு ஏன் என்று வாப்பா கேட்டால் இதைச் சொல்லுங்கள். 2025 ஜனவரி 28-ஆம் தேதி தென் கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் ஒன்று கிளம்பத் தயாராக நின்றபோது தீப்பிடித்தது. மேலே இருக்கும் லக்கேஜ் அறையில்தான் முதலில் புகை வந்தது. அங்கே இருந்த பவர் பேங்க்தான் காரணமாக இருக்க வேண்டும் என்றது விசாரணை. தரையில் நின்றதால் 176 பேரும் இறங்கித் தப்பினார்கள். கண் முன்னால் புகைந்தால் பணிப்பெண்கள் தண்ணீர் ஊற்றி அடக்கிவிடுவார்கள். சரக்கு அறைக்குள் புகைந்தால் யாரும் கிட்டப் போக முடியாது.

பின்பக்க எழுத்து அழிந்துபோயிருந்தால் அந்தப் பவர் பேங்கை வீட்டிலேயே விட்டுவிட்டு, வாட்-அவர் தெளிவாகத் தெரிகிற ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள். சில்லறை, சாவியோடு ஒரே பையில் போடக் கூடாது, போர்ட்டுக்குள் உலோகம் பட்டால் ஷார்ட் ஆகும். ஒரு சின்னத் துணிப்பையில் தனியாகப் போட்டுவிடுங்கள்.

அங்கே போனபிறகு கவனிக்க வேண்டியது வெயில். 2024 ஜூனில் ஹஜ் சமயத்தில் மக்காவில் 51.8 டிகிரி அடித்தது. லித்தியம் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. வெயிலில் நடக்கும்போது பையின் உள்பக்கம் இருக்கட்டும். பஸ் ஜன்னலோரம், கார் டேஷ்போர்டு ஆகவே ஆகாது. அறைக்குத் திரும்பி, ஏ.சி.யில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு அப்புறம் சார்ஜ் போடச் சொல்லுங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு மாணவி: பவர் பேங்கில் போன் நன்றாக ஏறுகிறது. இயர்பட்ஸ், ஸ்மார்ட் வாட்ச் மட்டும் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது. எதில் கோளாறு?

எதிலும் கோளாறு இல்லை தங்கச்சி. இயர்பட்ஸ் இழுக்கும் கரண்ட் ரொம்பக் குறைவு. எதுவும் மாட்டவில்லை என்று நினைத்துப் பவர் பேங்க் தானாக அணைந்துவிடுகிறது. பல மாடல்களில் பட்டனை இரண்டு முறை அழுத்தினாலோ, கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தாலோ, குறைந்த கரண்ட் மோடுக்குப் போகும். மேனுவலில் இருக்கும். உங்களுடையதில் அந்த வசதி இல்லை என்றால் இன்னொரு போர்ட்டில் போனையும் கூடவே மாட்டிவிடுங்கள், அணையாது.

காரைக்குடியிலிருந்து ஒரு வாசகர்: தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறோம். வழியெல்லாம் வெயில்தானே, சோலார் பவர் பேங்க் வாங்கினால் தானாகவே ஏறிக்கொண்டே வருமா?

ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் கணக்கு ஒத்துவராது. பவர் பேங்கின் மேல் ஒட்டியிருக்கும் உள்ளங்கை அகலத் தகடு, உச்சிவெயில் நேராக விழுந்தால் ஒன்று, ஒன்றரை வாட் தரும். 37 வாட்-அவரை அதில் நிரப்ப நல்ல வெயில் மட்டுமே இருபத்தைந்து மணி நேரம் வேண்டும். நடக்கும்போது பை ஆடும், புளியமர நிழல் வரும், மேகம் மறைக்கும். பழனி வந்துவிடும், பவர் பேங்க் நிறைந்திருக்காது. அதோடு, இப்போதுதான் காயல்பட்டினத்துச் சகோதரியிடம் வெயிலில் வைக்காதீர்கள் என்று சொன்னேன். சோலார் பவர் பேங்கை வெயிலில்தான் வைக்க வேண்டும். செல்லுக்கு அது ஆகாது.

சாதாரண 10000 ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், இருநூறு கிராம் சொச்சம்தான் வரும். தோளில் காவடி இருக்கும்போது ஒவ்வொரு கிராமும் தெரியும் என்பதால் 20000 வேண்டாம். விடிகாலையில் நடக்கும்போது போனின் டார்ச்சை எரியவிட்டுக்கொண்டே போகிறார்கள், அதில்தான் பாதி சார்ஜ் போகிறது. தனியாக ஒரு சின்ன டார்ச் வாங்கிக்கொள்ளுங்கள். தங்கும் மண்டபங்களில் பிளக் கிடைக்கும்போது முதலில் பவர் பேங்கைப் போடுங்கள். போன் கையிலேயே இருக்கட்டும், அங்கே போனைச் செருகிவிட்டுத் தூங்கித் தொலைத்தவர்கள் உண்டு. தை மாதப் பனியில் பை நனையும், ஒரு பிளாஸ்டிக் உறையில் சுற்றிவிடுங்கள்.

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர்: நண்பர்களோடு பைக்கில் லடாக் போகிறேன். குளிரில் பவர் பேங்க் வேலை செய்யுமா?

செய்யும், ஆனால் குளிரில் கொடுக்கும் அளவு குறையும். செல்லில் சார்ஜ் இருக்கும், வெளியே வராது, சூடேறினால் திரும்ப வரும். அதனால் பெட்டியில் போடாமல் ஜாக்கெட்டின் உள்பையில் உடம்போடு ஒட்டி வையுங்கள். முக்கியமாக, பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே பவர் பேங்கைச் சார்ஜில் போடாதீர்கள். அந்தக் குளிரில் ஏற்றினால் செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரமாகக் கெட்டுவிடும். அறைக்கு வந்து, கைக்கு ஜில்லென்று இல்லாத நிலைக்கு வந்தபிறகு போடுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து ஓர் இல்லத்தரசி: போன வருஷம் திருப்பதி போய் வந்தபின் அலமாரியில் வைத்த பவர் பேங்க் இப்போது நடுவில் உப்பி, மூடி பிளந்திருக்கிறது. சார்ஜ் போட்டுப் பார்க்கலாமா?

வேண்டவே வேண்டாம் அம்மா. உள்ளே செல் கெட்டு வாயு சேர்ந்திருக்கிறது. சார்ஜ் போடாதீர்கள், அமுக்கி மூடப் பார்க்காதீர்கள், ஊசியால் குத்திக் காற்றை எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இன்றைக்கே அலமாரியிலிருந்து எடுத்து, துணி, காகிதம் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில், ஒரு மண்சட்டியிலோ பழைய இரும்புச் சட்டியிலோ வையுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது.

குப்பை வண்டியில் மற்ற குப்பையோடு கலந்து போடாதீர்கள். வண்டியில் நசுக்கும்போது தீப்பிடித்தால் பாதிக்கப்படுவது தூய்மைப் பணியாளர். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிப்பது தயாரித்த கம்பெனியின் பொறுப்பு. அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரிலோ, மின்கழிவு எடுக்கும் இடத்திலோ உப்பியிருக்கிறது என்று சொல்லியே கொடுங்கள்.

அடுத்து வாங்குவதை முழுசாகக் காலியாக்கி வைக்காதீர்கள், முழுசாக நிரப்பியும் வைக்க வேண்டாம். பாதி சார்ஜில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்து ஏற்றினால் போதும். அடுப்படி அலமாரி, ஃப்ரிட்ஜுக்கு மேலே போன்ற சூடான இடங்கள் வேண்டாம்.

வேலூரிலிருந்து ஒரு வாசகர்: பஸ் ஸ்டாண்டு, விமான நிலையங்களில் இருக்கும் யு.எஸ்.பி. போர்ட்டில் போனைப் போட்டால் தகவல் திருடுவார்களாமே?

யு.எஸ்.பி. கேபிளில் மின்சாரம் போகும் கம்பியோடு தகவல் போகும் கம்பியும் இருக்கிறது. அதனால் அந்தப் பயம் வருகிறது. இப்போதைய போன்கள் அனுமதி கேட்காமல் தகவலைக் கொடுப்பதில்லை. ‘இந்தக் கருவியை நம்பலாமா’ என்று திரையில் கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். அதற்கும் மனசு ஒப்பவில்லை என்றால் அந்தப் போர்ட்டில் பவர் பேங்கை மாட்டுங்கள். அதில் திருட ஒன்றும் இல்லை. அது ஏறியதும் கழற்றி, அப்புறம் போனை அதில் போடுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாட்டினால் பவர் பேங்க் அதிகமாகச் சூடாகும்.